எண்ணுவதற்கு முன் படியுங்கள்

புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களைப் பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் நிதிநல்கைக்கும் தேர்ந்தெடுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,



உங்கள் குழுவின் முன் வைக்கப்படும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒரு மனிதரின் பத்து அல்லது இருபது ஆண்டு உழைப்பு சில எண்களாகச் சுருங்கி முதல் பக்கத்திலேயே வந்து நிற்கிறது: வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைகள் இத்தனை, அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டிய தடவைகள் இத்தனை, எச்-குறியீடு இவ்வளவு, கட்டுரைகள் வெளியான ஆய்விதழ்களின் தாக்கக் காரணிகளைக் கூட்டினால் வரும் தொகை இவ்வளவு. இணைக்கப்பட்டுள்ள கட்டுரைகளில் ஒன்றையேனும் எவரேனும் முழுமையாகப் படிப்பதற்கு முன்பே அந்த எண்கள் விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்திவிடுகின்றன; அதன்பின் நடைபெறும் நேர்காணல் அந்த வரிசையை உறுதி செய்யும் சடங்காக முடிந்துவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. இந்த மடல் உங்களிடம் ஒன்றைக் கேட்கவே எழுதப்படுகிறது: அந்த எண்களை முதல் பக்கத்திலிருந்து அகற்றுங்கள், அவற்றின் இடத்தில் ஆய்வாளர் உண்மையில் என்ன கண்டறிந்தார் என்பதைப் படித்து எழுதிய உங்கள் குறிப்பை வையுங்கள். இக்கோரிக்கை உங்கள் நேரத்தைக் கேட்கிறது என்பதும், உங்களில் பெரும்பாலோர் நோயாளிகளையும் மாணவர்களையும் ஆய்வகத்தையும் ஒருசேரக் கவனித்துக்கொண்டே இக்குழுக்களில் அமர்கிறீர்கள் என்பதும் தெரிந்தே இது கேட்கப்படுகிறது.

முதலில், தாக்கக் காரணி. அது ஓர் ஆய்விதழைப் பற்றிய சராசரி: அந்த இதழ் கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களைக் கூட்டி, அந்த இரண்டு ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. அறிவியல் கட்டுரைகளுக்கு மேற்கோள் அட்டவணை ஒன்று வேண்டும் என்று 1955-இல் எழுதிய யூஜீன் கார்ஃபீல்ட், 1960-களின் தொடக்கத்தில் பிலடெல்பியா நகரில் அத்தகைய அட்டவணையை உருவாக்கியபோது, எந்தெந்த இதழ்களை அதில் சேர்ப்பது என்று தெரிவு செய்வதற்காக இர்விங் ஷெர் என்பவரோடு சேர்ந்து இந்த அளவையை வகுத்தார். நூலகத்துக்கு எந்த இதழை வாங்குவது என்ற கேள்விக்கு அது பொருத்தமான விடையைத் தரக்கூடும். ஒரு மனிதரை விரிவுரையாளராக நியமிக்கலாமா என்ற கேள்வி அதனிடம் கேட்கப்பட்டதே இல்லை. அதற்கு விடை சொல்லும் ஆற்றலும் அதற்கு இல்லை.

இதற்கான சான்று புற்றுநோய்த் துறைக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆய்விதழான 'சிஏ: எ கேன்சர் ஜர்னல் ஃபார் கிளினீஷியன்ஸ்' சில ஆண்டுகளில் 500-க்கும் மேற்பட்ட தாக்கக் காரணியைப் பெற்று உலக ஆய்விதழ்களின் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. அந்த உயரத்துக்குப் பெருங்காரணம், அமெரிக்காவிலும் உலக நாடுகளிலும் எத்தனை பேருக்கு எவ்வகைப் புற்றுநோய் வருகிறது, எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று கணக்கிட்டுச் சொல்லும் ஒருசில புள்ளிவிவரக் கட்டுரைகள். புற்றுநோயைப் பற்றி எழுதும் எவரும் தம் கட்டுரையின் முதல் பத்தியில் அவற்றைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே இதழில் வெளிவந்த வேறொரு கட்டுரை முப்பது முறையே மேற்கோள் காட்டப்பட்டிருந்தாலும் இதழின் சராசரி அதன் ஆசிரியரின் கணக்கிலும் ஏறிவிடுகிறது. ஊரின் சராசரி வருமானத்தைப் பார்த்து ஒரு வீட்டின் கடனை எடைபோட எந்த வங்கி அதிகாரியும் துணியமாட்டார். ஆய்வாளர் விஷயத்தில் மட்டும் அது ஏற்கப்படுகிறது.

அந்தப் புள்ளிவிவரக் கட்டுரைகளின் வேர் எங்கே இருக்கிறது என்பதையும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். உலகப் புற்றுநோய் மதிப்பீடுகள், மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடுகளை, அதாவது ஒரு குறிப்பிட்ட பகுதியில் வாழும் மக்களுள் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட ஒவ்வொருவரையும் விடாமல் பதியும் ஏடுகளை, அடித்தளமாகக் கொண்டவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின்கீழ் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1981-இல் தொடங்கப்பட்ட சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு அவற்றுள் ஒன்று. தகவல் தானாக வந்து சேரும் என்று காத்திராமல், பதிவேட்டின் பணியாளர்கள் மருத்துவமனைகளுக்கு நேரில் சென்று நோயாளிக் கோப்புகளைப் புரட்டியும், இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டும், ஒரே நோயாளி இரண்டு மருத்துவமனைகளில் இருமுறை எண்ணப்படாமல் பெயரும் முகவரியும் வயதும் சரிபார்த்தும் அந்த ஏட்டை வளர்க்கிறார்கள். இப்படிச் சேர்ந்த தகவல் உலகக் கணக்கில் கலந்து, அந்த உலகக் கணக்கு ஆயிரமாயிரம் மேற்கோள்களைப் பெற்று, அந்த மேற்கோள்கள் ஓர் இதழை உலகின் முதலிடத்துக்கு ஏற்றிவிட்ட பிறகும், பதிவேட்டில் இருபது ஆண்டுகள் உழைத்த ஒருவர் உங்கள் முன் விண்ணப்பதாரராக வந்து நின்றால் அவருடைய எச்-குறியீடு சிறிதாகவே இருக்கும். அவரைவிடப் பெரிய எண்ணோடு வரும் போட்டியாளர், அவர் திரட்டிய தகவலைத் தம் கட்டுரையின் முதல் வரியில் மேற்கோள் காட்டியவராகவே இருக்கக்கூடும்.

எச்-குறியீடு 2005-இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்தது. ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளுள் குறைந்தது இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்து, இருபத்தொன்றுக்கு அதே நிபந்தனை பொருந்தவில்லை என்றால் அவருடைய எச்-குறியீடு 20. இதன்படி, வாழ்நாளில் மூன்றே கட்டுரைகள் எழுதி அம்மூன்றும் தலா ஐயாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தாலும் ஒருவரின் குறியீடு மூன்றைத் தாண்டாது. தலா இருபது முறை மட்டும் மேற்கோள் பெற்ற இருபது கட்டுரைகளை எழுதியவர் இருபதை எட்டிவிடுவார். அது வயதோடு ஏறும், ஒருபோதும் இறங்காது. ஆகவே ஆய்வை என்றோ நிறுத்திவிட்டவருக்கும் அது வளர்ந்துகொண்டே இருக்கும், மகப்பேற்றுக்காகவோ பெற்றோரின் நோய்க்காகவோ சில ஆண்டுகள் விலகியிருந்தவருக்கு அந்த இடைவெளி நிரந்தரக் குறையாக நிற்கும். ஐந்நூறு பேர் கையெழுத்திட்ட ஒரு கட்டுரையில் நானூறாவது பெயராக இருப்பவருக்கும், நுண்ணோக்கியின் முன் தனியே அமர்ந்து எழுதியவருக்கும் அது ஒரே மதிப்பைத் தருகிறது.

தனியே அமர்ந்து எழுதியவர் என்று சொல்லும்போது ஜேனட் ரௌலியை நினைக்காமல் இருக்க முடியாது; அவருடைய வெளியீட்டு வரலாற்றை உங்கள் படிவத்தில் பொருத்திப் பார்க்குமாறு இம்மடல் வேண்டுகிறது. 1925-இல் பிறந்து, 1948-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், நான்கு மகன்களை வளர்த்தபடி பல ஆண்டுகள் வாரத்தில் சில நாள்கள் மட்டுமே பணியாற்றினார். 1960-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டிலிருந்து திரும்பியபோது, ஒரு நுண்ணோக்கியும் புகைப்பட இருட்டறையும் சிறு ஊதியமும் கிடைத்தால் போதும் என்று அவர் கேட்க, சிகாகோவில் அவருக்கு ஓர் இடம் அளிக்கப்பட்டது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் உடையவர்களின் செல்களில் வழக்கத்தைவிடச் சிறியதாக ஒரு குரோமோசோம் இருப்பதைப் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்னும் இருவர் 1960-லேயே பிலடெல்பியாவில் கண்டிருந்தார்கள்; கார்ஃபீல்ட் தம் மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய அதே நகரம், ஏறக்குறைய அதே ஆண்டுகள். அந்தக் குரோமோசோமின் குறைந்துபோன துண்டு எங்கே போயிற்று என்பது பன்னிரண்டு ஆண்டுகளாக எவருக்கும் தெரியவில்லை.

1970-களின் தொடக்கத்தில், குரோமோசோம்களைச் சாயமேற்றி அவற்றில் பட்டைகள் தெரியச் செய்யும் புதிய முறைகள் வந்தன. ரௌலி அம்முறைகளைக் கற்றுக்கொண்டு, எடுத்த படங்களைத் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, குரோமோசோம்களை ஒவ்வொன்றாக வெட்டி இணைசேர்த்துப் பார்த்தார். 22-ஆம் குரோமோசோமில் குறைந்த துண்டு மறைந்துவிடவில்லை, 9-ஆம் குரோமோசோமின் நுனியில் போய் ஒட்டியிருக்கிறது என்று அந்த மேசையில்தான் தெளிந்தது. இவ்வாறு இரண்டு குரோமோசோம்களுக்கிடையே துண்டுகள் இடம் மாறுவது இடப்பெயர்வு எனப்படும். அந்த முடிவு 1973-இல் 'நேச்சர்' இதழில் நான்கு பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று. அதே ஆண்டில், வேறொரு ரத்தப் புற்றுநோயில் 8, 21 ஆகிய குரோமோசோம்களுக்கிடையே நடக்கும் இடப்பெயர்வைப் பற்றிய அவருடைய கட்டுரை பிரெஞ்சு மரபியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியாயிற்று. தாக்கக் காரணிகளைக் கூட்டி எடைபோடும் ஒரு குழு முதல் கட்டுரைக்குப் பெருமதிப்பும் இரண்டாவதற்கு மிகச் சிறுமதிப்பும் தந்திருக்கும். ஆனால் இரண்டும் ஒரே மேசையில், ஒரே கைகளால், ஒரே தரத்தில் செய்யப்பட்டவை, இரண்டும் இன்றுவரை நிலைத்தவை.

குரோமோசோம் மாற்றங்கள் புற்றுநோயின் விளைவுதானே தவிரக் காரணம் அல்ல என்பதே அன்றைய பொதுக் கருத்து. ஆகையால் அந்தக் கட்டுரையின் பொருள் முழுமையாக விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. 1980-களில் வேறு ஆய்வாளர்கள், அந்த இடப்பெயர்வு இரண்டு மரபணுக்களை ஒன்றாக ஒட்டி, செல்லை ஓயாமல் பெருகத் தூண்டும் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். அந்தப் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் மருந்து, பிரையன் ட்ரூக்கரும் பிறரும் நடத்திய சோதனைகளுக்குப் பிறகு, 2001 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கட்டுரைக்கும் மாத்திரைக்கும் இடையே 28 ஆண்டுகள். ஒருகாலத்தில் சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோயோடு இன்று மக்கள் நாளுக்கொரு மாத்திரை உட்கொண்டு பணிக்குச் சென்று வருகிறார்கள். இரண்டு ஆண்டுகளின் மேற்கோள்களை மட்டும் எண்ணும் ஓர் அளவையால் இந்த 28 ஆண்டுகளை எப்படிக் காண முடியும்? இதைவிட நீண்ட காத்திருப்பும் உண்டு: கோழிகளில் ஒரு வகைப் புற்றுக்கட்டியை வைரஸ் உண்டாக்குகிறது என்று 1911-இல் காட்டிய பெய்டன் ரௌஸ், அதற்கான நோபல் பரிசைப் பெற்றது 1966-இல், 55 ஆண்டுகள் கழித்து. ரௌலியும் ரௌஸும் அரிய விதிவிலக்குகள் என்று நீங்கள் சொல்லலாம். விதிவிலக்குகளை இனங்காண்பதற்காகத்தானே தேர்வுக் குழு என்ற ஒன்று இருக்கிறது. வழக்கமானவரைத் தேர்ந்தெடுக்கக் கணிப்பொறியே போதுமே.

சிகாகோவை விட்டுத் திண்டுக்கல்லுக்கு வாருங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய, செல்களைச் சுரண்டி எடுத்து ஆய்வகத்தில் சோதிக்கும் முறை பணக்கார நாடுகளில் பல பத்தாண்டுகளாகப் பயனளித்தது. ஆய்வகமும் பயிற்சி பெற்ற நோயியலாளரும் இல்லாத கிராமங்களில் அதை நடத்த இயலவில்லை. அதற்கு மாற்றாக, வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவி, வெண்திட்டுகள் தோன்றுகின்றனவா என்று செவிலியரே கண்ணால் பார்த்து அறியும் எளிய முறை ஒன்று இருந்தது. அது வெறும் கண்டறிதலோடு நின்றுவிடாமல் உண்மையில் உயிர்களைக் காக்கிறதா என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. லியோனில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையைச் சேர்ந்த ரெங்கசாமி சங்கரநாராயணன், அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கியச் சமூக சுகாதார மையம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகிய தரப்புகள் இணைந்து, திண்டுக்கல் மாவட்டத்தின் 114 கிராமத் தொகுப்புகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கின. ஒரு பிரிவில் 30 முதல் 59 வயதுவரையிலான 49,311 பெண்கள் சோதனைக்குத் தகுதி பெற்றார்கள். 2000 முதல் 2003 வரை அவர்களுள் 31,343 பேர் சோதிக்கப்பட்டார்கள். மறு பிரிவில் 30,958 பெண்கள் வழக்கமான மருத்துவ வசதிகளோடு கண்காணிக்கப்பட்டார்கள். 2006 வரை இரு பிரிவினரையும் தொடர்ந்து பார்த்தபோது, சோதனை நடந்த பிரிவில் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏற்படுவது 25 விழுக்காடும் அதனால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்தது.

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். சோதனைக்கு வரத் தயங்கும் பெண்ணிடம், அவளுடைய கணவனிடம், மாமியாரிடம் பேசி இசைவு பெற வேண்டும். கூலி வேலைக்குச் செல்பவள் ஒரு நாள் கூலியை இழக்காதபடி நேரம் பார்க்க வேண்டும். குறை தெரிந்தவளுக்குச் சிகிச்சை உறுதி செய்ய வேண்டும். யார் நோயுற்றார், யார் எதனால் இறந்தார் என்று ஆண்டுக்கணக்கில் பதிவேட்டின் மூலம் தொடர வேண்டும். இந்த ஏழு ஆண்டு உழைப்பின் முதன்மை முடிவு 2007-இல் 'லான்செட்' இதழில் ஒரே கட்டுரையாக வெளிவந்தது. ஏழை நாடுகளின் கிராமங்களில் ஒருமுறை செய்யும் எளிய சோதனையே இறப்பைக் குறைக்கும் என்பதற்கு மக்களிடையே நடத்திய குலுக்கல் ஆய்வின் வலுவான சான்று அதிலிருந்து கிடைத்தது. ஆண்டுக்கு இத்தனை கட்டுரைகள் என்று கேட்கும் ஒரு படிவத்தில் அந்த ஏழு ஆண்டுகளில் பெரும்பகுதி வெறுமையாகத் தெரியும். அதே ஏழு ஆண்டுகளில் ஒருவர் ஆய்வகத்தில் ஒரு செல் வரிசையை எடுத்து, ஒரு மூலக்கூறை மாற்றி மாற்றிப் போட்டு, முப்பது கட்டுரைகள் எழுதியிருக்க முடியும். அந்த முப்பதில் ஒன்றாவது ஒரு பெண்ணின் உயிரைக் காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எந்தப் படிவத்திலும் இல்லை.

மேற்கோள் எண்ணிக்கை குறைந்தபட்சம் ஆய்வின் நம்பகத்தன்மையையாவது காட்டாதா என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். இதற்கு விடை 2012-இலேயே கிடைத்துவிட்டது. ஆம்ஜென் மருந்து நிறுவனத்தில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த க்ளென் பெக்லி, லீ எல்லிஸ் என்பவருடன் எழுதிய கட்டுரையில், புற்றுநோய் ஆய்வில் மைல்கற்களாகக் கருதப்பட்ட 53 ஆய்வுகளைத் தம் நிறுவனத்தார் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே அதே முடிவைத் தந்தன என்று அறிவித்தார். அந்தக் கட்டுரையின் அட்டவணை ஒன்றை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். தாக்கக் காரணி 20-க்கு மேற்பட்ட இதழ்களில் வந்தவற்றுள், திரும்பச் செய்ய முடியாத ஆய்வுகளுக்குச் சராசரியாக 248 மேற்கோள்கள், செய்ய முடிந்தவற்றுக்கு 231. தாக்கக் காரணி 5 முதல் 19 வரையிலான இதழ்களில் நிலைமை இன்னும் மோசம்: பொய்த்தவற்றுக்குச் சராசரியாக 169, மெய்த்தவற்றுக்கு 13. ஒரு கூற்றை நூறு பேர் திரும்பச் சொல்வதற்கும் ஒருவர் அதைத் திரும்பச் செய்து பார்ப்பதற்கும் உள்ள தொலைவு இந்த நான்கு எண்களில் இருக்கிறது.

பின்னர் 2013-இல் தொடங்கிய மீள்சோதனைத் திட்டம் ஒன்று, செல்வாக்குப் பெற்ற 53 புற்றுநோய்க் கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளைத் திரும்பச் செய்யத் திட்டமிட்டது. 2021-இல் முடிந்தபோது 23 கட்டுரைகளைச் சேர்ந்த 50 சோதனைகளையே செய்ய முடிந்திருந்தது. அந்த 193 சோதனைகளுள் ஒன்றுகூட, மூல ஆசிரியர்களிடம் கேட்காமல் திரும்பச் செய்யத் தேவையான அளவு விவரத்தோடு எழுதப்பட்டிருக்கவில்லை. திரும்பச் செய்யப்பட்டவற்றில் தெரிந்த விளைவின் அளவு, இடைநிலை மதிப்பில், முதலில் சொல்லப்பட்டதைவிட 85 விழுக்காடு சிறியது. இந்த முடிவு எவரையும் மோசடிக்காரர் என்று சொல்லவில்லை. ஆனால் விரைந்து வெளியிட்டவருக்கு வெகுமதியும் பொறுமையாகச் சரிபார்த்தவருக்குக் காத்திருப்புப் பட்டியலும் தரும் ஏற்பாடு எதை விளைவிக்கும் என்பதைச் சொல்கிறது.

செல் வரிசைகளின் கதை இன்னும் வருத்தம் தருவது. செல் வரிசை என்பது ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் முடிவின்றி வளர்க்கப்படும் செல்களின் பரம்பரை. வேகமாக வளரும் ஒரு வரிசை கவனக்குறைவால் மற்றொன்றோடு கலந்து, சிறிது காலத்தில் அதை முற்றிலும் ஒழித்து அதன் பெயரிலேயே வாழத் தொடங்கிவிடும். மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் என்று பல ஆண்டுகளாக நம்பப்பட்ட எம்டிஏ-எம்பி-435 என்ற வரிசை, தோல் நிறமிப் புற்றுநோயான மெலனோமாவின் செல்களே என்று மரபணுச் சோதனைகள் காட்டின. அடையாளம் தவறிய செல்களைக் கொண்டு எழுதப்பட்ட 32,755 கட்டுரைகள் இருப்பதாகவும், அவற்றை மேற்கோள் காட்டியவை ஏறக்குறைய ஐந்து லட்சம் என்றும் 2017-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் மதிப்பிட்டார்கள். அந்த மேற்கோள்கள் ஒவ்வொன்றும் எவரோ ஒருவரின் விண்ணப்பப் படிவத்தில் மதிப்பெண்ணாக மாறியிருக்கும். மாறாக, தம் ஆய்வகத்தின் செல்களைச் சோதித்து, அவை தவறானவை என்று அறிந்து, இரண்டு ஆண்டு உழைப்பைக் குப்பையில் போட்டுவிட்டு மீண்டும் தொடங்கிய மாணவிக்கு உங்கள் படிவத்தில் எந்த நிரலும் இல்லை. அவள்தான் அறிவியலாளர். அவளைக் கண்டுகொள்ளாத படிவம் திருத்தப்பட வேண்டியது.

எண்ணிக்கைக்கு விலை வைத்தவுடன் அதை விற்கும் கடைகளும் திறக்கப்பட்டன. பணம் பெற்றுக்கொண்டு போலியான ஆய்வுக்கட்டுரைகளைத் தயாரித்து ஆசிரியர் இடத்தை விற்கும் நிறுவனங்களைக் கட்டுரை ஆலைகள் என்கிறார்கள். சிட்னியைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வாளர் ஜெனிஃபர் பைர்ன், தாம் முன்பு ஆய்ந்த மரபணு ஒன்றைப் பற்றி வெவ்வேறு குழுக்கள் எழுதிய கட்டுரைகள் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருப்பதையும், அவற்றில் தரப்பட்ட நியூக்ளியோடைடு வரிசைகள் சொல்லப்பட்ட மரபணுவோடு பொருந்தாமல் இருப்பதையும் 2015 வாக்கில் கவனித்தார். கணினி அறிவியலாளர் சிரில் லாபேயுடன் சேர்ந்து அத்தகைய பிழைகளைக் கண்டறியும் மென்பொருளை உருவாக்கினார். அதன்பின் அவருடைய ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதி பிறரின் பொய்களைக் களைவதற்கே செலவாயிற்று. 2023-இல் உலக அளவில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் பத்தாயிரத்தைத் தாண்டின. புற்றுநோய்க்கு மருந்து தேடும் ஒருவர் அத்தகைய ஒரு கட்டுரையை நம்பித் தம் மூன்று ஆண்டுகளை அதன்மேல் கட்டினால், அந்த இழப்பு அவரோடு முடிவதில்லை. சிகிச்சைக்குக் காத்திருப்பவரின் நாள்களும் அதில் கரைகின்றன.

எண்களைக் கைவிட்டால் சிபாரிசு நுழைந்துவிடும் என்ற அச்சம் உங்களிடம் உண்டு. அது நியாயமான அச்சம், அதை இலேசாகத் தள்ளிவிட இம்மடல் விரும்பவில்லை. சாதி, உறவு, அரசியல் செல்வாக்கு, பழைய மாணவர் பாசம் ஆகியவை நியமனங்களைத் தீர்மானித்த அனுபவம் இந்த நாட்டுக்கு நிறையவே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் கல்விச் செயல்திறன் குறியீடு என்ற பெயரில் புள்ளிகளை அறிமுகப்படுத்தியபோது, எவரும் மறுக்க முடியாத ஒரு கணக்கு இருந்தால் அநீதி குறையும் என்று பலர் நம்பினார்கள். செல்வாக்கில்லாத குடும்பத்திலிருந்து வந்த ஓர் இளம் ஆய்வாளருக்கு எண்ணே ஒரே கேடயம் என்று தோன்றுவதும் இயல்பு. ஆனால் அந்தக் கேடயம் உண்மையில் யாரைக் காத்தது? பெரிய ஆய்வகத்தின் தலைவரால் தம் பெயரை எல்லாக் கட்டுரைகளிலும் சேர்த்துக்கொள்ள முடியும், பணம் படைத்தவரால் வெளியீட்டுக் கட்டணம் செலுத்த முடியும், ஆலையிடம் கட்டுரை வாங்கவும் முடியும். சிறு ஊரின் மருத்துவமனையிலிருந்து ஆண்டுக்கு ஒரு நேர்மையான கட்டுரை எழுதுபவருக்கு இவற்றுள் எதுவும் இயலாது. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழுவே 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளில் நீக்கிவிட்டது. சிபாரிசுக்கு மருந்து, காரணங்களை எழுத்தில் வைப்பதே. ஒரு விண்ணப்பதாரரின் கட்டுரையை எவர் படித்தார், அதில் என்ன கண்டார், ஏன் ஏற்றார் அல்லது மறுத்தார் என்பது கோப்பில் பதிந்திருந்தால் அதை எவரும் கேட்டுப் பார்க்கலாம், மேல்முறையீடு செய்யலாம். 'எச்-குறியீடு 14' என்ற வரியிடம் மேல்முறையீடு செய்ய வழியே இல்லை.

நேரம் போதாது என்பதும் உண்மை. இருநூறு விண்ணப்பங்கள், ஒவ்வொன்றிலும் நாற்பது கட்டுரைகள் என்றால் எந்தக் குழுவாலும் படிக்க இயலாது. ஆகவேதான் படிக்க வேண்டியவற்றைக் குறைக்க வேண்டும். ஜெர்மன் ஆராய்ச்சி நிதியகம் 2010-லேயே நிதி விண்ணப்பங்களில் குறிப்பிடும் வெளியீடுகளை விண்ணப்பதாரரின் மிக முக்கியமான ஐந்தாகச் சுருக்கியது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் தன்விவரக் குறிப்பு, அறிவியலுக்கு ஆற்றிய ஐந்து பங்களிப்புகள் வரை ஆய்வாளரே விளக்கி எழுதுமாறு கேட்கிறது. இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனி மனிதரை எடைபோடலாகாது என்ற கோரிக்கை 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய செல் உயிரியலாளர்களின் மாநாட்டிலேயே எழுந்து, மறு ஆண்டு பிரகடனமாக வெளிவந்து, உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் கையொப்பத்தைப் பெற்றிருக்கிறது. பிறர் நடந்து பார்த்த பாதையில்தான் உங்களை நடக்கச் சொல்கிறது இம்மடல்.

ஆகையால், அடுத்த கூட்டத்துக்கான விண்ணப்பப் படிவம் இறுதி செய்யப்படும் முன், மொத்தக் கட்டுரை எண்ணிக்கை, மொத்த மேற்கோள்கள், எச்-குறியீடு, தாக்கக் காரணிகளின் கூட்டுத்தொகை ஆகியவற்றுக்கான நிரல்களை எடுத்துவிடுங்கள். விண்ணப்பதாரர் தாமே தெரிவு செய்த ஐந்து பணிகளை மட்டும் இணைக்குமாறும், ஒவ்வொன்றிலும் எழுந்த கேள்வி என்ன, தம் கையால் செய்தது எது, பிறர் செய்தது எது, அந்த முடிவை வேறு எவரேனும் திரும்பச் செய்து பார்த்தார்களா, அதனால் நோயாளிக்கோ துறைக்கோ என்ன மாறியது என்பதை அரைப்பக்கத்தில் எழுதுமாறும் கேளுங்கள். அந்த ஐந்தில் புற்றுநோய்ப் பதிவேட்டுப் பணி, கிராமத்தில் நடத்திய பரிசோதனை முகாமின் ஒழுங்கான தரவு, பிறர் ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்த அறிக்கை, செல் வரிசையின் அடையாளத்தைச் சரிபார்த்த ஆவணம், தம் பிழையைத் தாமே அறிந்து திரும்பப் பெற்ற கட்டுரை ஆகியவையும் இடம்பெறலாம் என்று படிவத்திலேயே அச்சிடுங்கள். முதல் சுற்றில் அந்த அரைப்பக்க விளக்கங்களை மட்டும் படியுங்கள். நேர்காணலுக்கு அழைக்கப்படுவோரின் ஐந்து பணிகளையும் குழுவில் இருவரேனும் முழுமையாகப் படித்துத் தம் குறிப்பைக் கையெழுத்திட்டுக் கோப்பில் சேர்க்கட்டும். அந்தக் குறிப்பு இல்லாத விண்ணப்பத்தின்மீது வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். நேர்காணலில் விண்ணப்பதாரரிடம் முதல் கேள்வியாக, அந்த ஐந்தில் எது தவறாகப் போயிருக்கக்கூடும் என்று அவர் நினைக்கிறார் எனக் கேட்டு, அவர் விடை சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள்.